ஊறுகாய் ஜாடியில் ஊறிய டிஸ்டார்ஷன்

மங்களூர் என்று மட்டும் விலாசம் எழுதினால் பார்சல் கர்நாடகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும். திட்டக்குடி பக்கம், கடலூர் மாவட்டம் என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். இந்தத் தொல்லையும் ஒரு காரணம், கிட்டார் பெடலை வாங்காமல் வீட்டிலேயே செய்து பார்த்ததற்கு.

எடுத்துக்கொண்டது எம்எக்ஸ்ஆர் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த டிஸ்டார்ஷன் பிளஸ். உள்ளே ஒரே ஒரு 741 ஐசி, இரண்டு டயோடு, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், அவ்வளவுதான். 741 பாலிடெக்னிக் லேபில் தலைமுறை தலைமுறையாக எரிந்துகொண்டிருக்கும் ஐசி, எங்கும் கிடைக்கும். காலால் மிதிக்கும் ஒன்பது முனை சுவிட்சுக்கு மட்டும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிற ஆளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சர்க்யூட்டின் படத்தை ஜெராக்ஸ் கடையில் வழவழப்பான பத்திரிகைத் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்தேன். இங்க்ஜெட் உதவாது. லேசரின் கறுப்புத் தூள் ஒருவகை பிளாஸ்டிக். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருகித் தாமிரத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தகட்டை முதலில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் பளிச்சென்று தேய்க்க வேண்டும், பிறகு விரல் படக் கூடாது. என் முதல் போர்டு குப்பைக்குப் போனது. தாளைக் கவிழ்த்து வைக்கும்போது படம் தானாகவே இடவலம் மாறிவிடும் என்பதை மறந்து, நானும் ஒருமுறை திருப்பிப் பிரிண்ட் எடுத்திருந்தேன். ஐசியின் முதல் கால் எட்டாம் கால் இடத்தில் நின்றது.

தாமிரத்தைத் தின்பது ஃபெரிக் குளோரைடு. எவர்சில்வரையும் தின்னும். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கானுக்கா பஞ்சம்? வாயகன்ற பழைய ஊறுகாய் ஜாடி ஒன்று போதும். ஆனால் அதில் மறுபடி ஊறுகாய் போடக் கூடாது. மத்தியான வெயிலில் ஜாடியை வைத்து, கடுங்காப்பி நிறக் கரைசலில் போர்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன். முதலில் தாமிரத்தின் மினுக்கம் செத்து இளஞ்சிவப்பாகிறது. பிறகு ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் கரைந்து, அடியிலிருக்கும் பழுப்புப் பலகை எட்டிப் பார்க்கிறது. இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. கையுறை கட்டாயம். மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் கரைந்த தாமிரம் நீரில் வாழ்வனவற்றுக்கு விஷம்.

சத்தம்? கிட்டாரில் பிரமாதம். 741 கொஞ்சம் இரைகிறது, அதுவும் இந்தப் பெடலின் குணம்தான். முதலில் போட்டது சிலிக்கான் 1என்4148 டயோடு; ஓசை பெரிதாக, கரகரவென்று வந்தது. ரேடியோ மெக்கானிக் கடையின் பழைய டப்பாவில் கிடைத்த ஜெர்மானியம் ஓஏ79-ஐ மாற்றியதும் ஓசை குறைந்து, விளிம்பு மழுங்கிக் கனிந்தது. சிலிக்கான் சுமார் 0.6 வோல்ட்டில் அலையின் தலையைச் சீவுகிறது. ஜெர்மானியம் அதில் பாதி உயரத்திலேயே சீவத் தொடங்கிவிடுகிறது. ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. ஈயம் வைக்கும்போது அதன் காலை மூக்குக் குறடால் கவ்விப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிக்கும் மச்சான் வந்து மிதித்தபோதுதான் குறை தெரிந்தது. “என்னடா, கொசு கத்துற மாதிரி இருக்கு” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிஸ்டார்ஷன் குமிழை முழுக்கத் திருகினால் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 47 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகின்றன. பேஸின் தடித்த கம்பி பேசுவதே 41 ஹெர்ட்ஸில்! அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றி 1 மைக்ரோஃபாரட் வைத்தேன். எல்லை 34 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. மச்சான் மறுபடி மிதித்தார், ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கடையில் வாங்கிய பெடலாக இருந்தால் மூடியைத் திறக்கவே எனக்குக் கை வந்திருக்காது.

பெட்டிதான் இதில் பலவீனம். எவர்சில்வர் டிபன் டப்பாவில் துளை போடப் போய் டிரில் பிட் உடைந்தது. வயரிங் வேலைக்கான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ‘ங்ங்’ என்று உள்ளே வந்துவிட்டது. உட்புறம் அலுமினியத் தாளை ஒட்டி கிரவுண்டோடு இணைத்த பின் அடங்கியது, முழுக்க இல்லை. காசிருந்தால் வார்ப்பு அலுமினியப் பெட்டியே வாங்கிவிடுங்கள்.

9 வோல்ட் பேட்டரி நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் வர வேண்டும். உள்வரும் ஜாக்கை ஸ்டீரியோவாகப் போட்டால் வயரைப் பிடுங்கியதும் பேட்டரி அணைந்துவிடும். பிடுங்க வேண்டும், அதுதான் விஷயம். மச்சான் இதுவரை இரண்டு பேட்டரியைக் காலி செய்துவிட்டார்.