1943இன் இரண்டு கோடுகள்

1943 நவம்பரில் கொழும்பில் '43 குழு' தன் முதலாவது ஓவியக் கண்காட்சியை வைத்தது. அதே மாதம் வங்காளத்து மேதினிப்பூரில் சித்தபிரசாத் பட்டாச்சார்யா என்ற 28 வயது இளைஞர் பஞ்சம் பிடித்த ஊர்களுக்குள் நடந்து நடந்து வரைந்துகொண்டிருந்தார். கொழும்புக்காரர் பிக்காசோவையும் மத்தீசையும் பேசினார்கள். இவர் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். நம் பக்கத்து நவீன ஓவியத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் என் மனம் இந்த இரண்டு இடங்களுக்குத்தான் போகும்.

முதலில் கொழும்பு. அந்த ஓகஸ்டில் லயனல் வென்ட்டின் வீட்டில் கூடித்தான் குழுவைத் தொடங்கினார்கள். வென்ட் புகைப்படக்காரர், பியானோக் கலைஞர். மறு வருடமே, 44 வயதில், இறந்துபோனார். ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ரிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுசிறி, ஒப்ரி கொலெட் என்று ஒருவர்போல் மற்றவர் இல்லாத கூட்டம். ஆங்கிலேயர் பழக்கிவிட்ட அச்சுப்பிசகாத உருவப்படமும் நிலக்காட்சியும்தான் ஓவியம் என்றிருந்த ஊரில், அது மட்டுமே ஓவியம் இல்லை என்று காட்டியவர்கள்.

கீட்டின் கோடு எனக்குப் பிடிக்கும். பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் 1939, 40இல் அவர் வரைந்த புத்தசரிதத்தைப் பாருங்கள். தோளில் புறப்பட்ட கோடு இடுப்பைச் சுற்றித் தொடைவரை இறங்கும். நடுவில் கை தயங்கின தடயமே இராது. ஐவன் பீரிஸ் வேறு மாதிரி. 1950களில் இங்கிலாந்துக்குப் போய், சவுத்எண்ட் என்ற கடற்கரை ஊரில் குடியிருந்து, 1988இல் சாகும்வரை தான் விட்டுவந்த கடற்கரையையே திரும்பத் திரும்ப வரைந்தார். நெட்டையான ஆட்கள், ஒடுங்கின மரங்கள், அசையாத கடல்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். இவர்கள் வரைந்த உழைப்பாளிக்குக் களைப்பே வருவதில்லை. கேப்ரியல் வயற்காரரையும் மாட்டையும் மீனவரையும் அன்போடுதான் வரைந்தார். கீட்டின் பெண்கள் குடம் சுமப்பார்கள், பூப்பறிப்பார்கள். ஆனால் மட்டக்களப்புக் கிரான் வட்டைகளில் வெள்ளாமை வெட்டிச் சூடு வைத்த காலத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், குனிந்த முதுகு ஒரு வழுவழுப்பான வளைகோடு அல்ல. உப்பட்டியை வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நிமிர்கிற அந்த இடத்தில் அது முறியும். அந்த முறிவு கொழும்புப் படங்களில் இல்லை. குழுவில் அரசியலின் பல்லைக் காட்டியவர் என்றால் கொலெட்தான், அதுவும் பத்திரிகைக் கேலிச்சித்திரத்தில். தூரிகைக்கு ஒரு நியாயம், பேனைக்கு ஒரு நியாயம் என்று இருந்துவிட்டார்கள் போலும்.

அந்த முறிவைத் தேடினால் மேதினிப்பூருக்குத்தான் போக வேண்டும். நமக்கு 1978இன் சூறாவளி எப்படியோ, அவர்களுக்கு 1942 ஒக்டோபர் அப்படி: சூறாவளியும் கடல்வெள்ளமும். அதற்கு முன்பே பர்மா ஜப்பானியரிடம் விழுந்து அரிசி வரத்து நின்றிருந்தது. ஜப்பானியர் கையில் அகப்படக்கூடாதென்று கரையோரத்துத் தோணிகளை ஆங்கிலேய அரசாங்கம் ஆயிரக்கணக்கில் பறித்து அழித்தது. தோணி போனால் என்ன மிஞ்சும் என்று வாவிக்கரையாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பஞ்சத்திலும் அதன் பின்னால் வந்த நோயிலும் மாண்டவர் முப்பது இலட்சம் அளவில் என்பார்கள்.

சித்தபிரசாத் மைப்படங்களோடு, தான் கண்டதையும் எழுதி 'பசித்த வங்காளம்' என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாக்கினார். அரசாங்கம் 5,000 பிரதிகளைப் பிடித்து எரித்தது. குடும்பத்தார் காப்பாற்றிய ஒரு பிரதி எஞ்சி, 2011இல் அப்படியே மறுபதிப்பானது. அவருடைய படங்களில் என்னைப் பிடித்து நிறுத்துவது எலும்பு அல்ல, பெயர். பலருடைய பெயரையும் ஊரையும் குறித்து வைத்திருக்கிறார். பட்டினிக்காரன் என்ற பொது ஆளை அவர் வரையவில்லை. இன்ன ஊர் இன்னாரை வரைந்தார். அதனால் முகம் முகமாகவே நிற்கிறது.

அதே பஞ்சத்தைக் கல்கத்தா வீதிகளில் வரைந்த சைனுல் ஆபிதீன் இதற்கு நேர் எதிர். அவருடைய ஆட்களுக்குப் பெயர் இல்லை. குப்பைத்தொட்டியடியில் காகமும் நாயும் மனிதரும் ஒரே சோற்றுக்கு நிற்பார்கள். மலிவான பொதிசுற்றும் தாள், கரியை அரைத்துத் தானே கூட்டிய மை. தூரிகையில் மை தீரத் தீர, கோடு தாளைச் சொரசொரவென்று உரசிக்கொண்டு போகும். நிரப்புவதற்காக அவர் திரும்பவும் மை தொடுவதில்லை, உலர்ந்ததை உலர்ந்தபடியே விட்டுவிடுகிறார். தொலைவில் நின்று பார்த்தால் ஒரு தாயும் பிள்ளையும். கிட்டப் போனால் தாள்தான் கூடுதல், மை கொஞ்சம். ஒரு உடம்பில் எதை வரையாமல் விடுவது என்று இவ்வளவு அறிந்த கை அபூர்வம்.

களைத்த உடம்பை எப்படி வரைவது என்ற கேள்விக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள் வேறு வழியால் வந்தார்கள். போரில் மணிலா இடிந்தபின் 1950இல் விசென்தே மனன்சாலா வரைந்த 'சேரியின் மடோன்னா'வில் தகரக் குடிசைகளுக்கு முன்னால் தாயும் பிள்ளையும். கியூபிசத்தை அவர் கடன் வாங்கினார் என்பார்கள். வாங்கினதைத் தகரத்தையும் பலகையையும் அடுக்கப் பயன்படுத்தினார், அது அவருடைய கெட்டித்தனம். பிறகு மார்க்கோஸின் இராணுவச் சட்டக் காலத்தில், 1976இல், 'கைசஹான்' என்ற குழு வந்தது. அந்த வட்டத்து அந்திபாஸ் தெலொதாவோ 1978இல் நீர்வர்ணத்தில் வரைந்த படம் ஒன்று பேர்போனது. பின்னால் சிவப்பில் பென்னம்பெரிய கொக்கா கோலா விளம்பரம். அதற்கு முன்னால் ஒடுங்கிப்போன ஒரு கிழட்டுத் தொழிலாளி. விளம்பர எழுத்தின் வால் நீண்டு வந்து கத்திமுனையாய் அந்த மனுசனின் நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. 'மாங் ஹுவானின் நெஞ்சில் வெட்டுக்கத்தி' என்று தலைப்பு.

சுவரொட்டி யுக்தி, ஒருமுறை விளங்கினால் முடிந்துபோகும் என்று இதைத் தள்ளிவிடலாம். நான் தள்ளமாட்டேன். எண்ணெய் வர்ணத்தில் தீட்டியிருந்தால் கத்தி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நீர்வர்ணத்தின் மெதுமையால் அந்த ஆளின் தோலும் சட்டையும் நமக்குக் கிட்ட வந்துவிடுகின்றன. அவருக்குக் கத்தி தெரியாது. அவர் தன்பாட்டில் போகிறார்.

வரைந்த விதத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துயரம் ஒரு படத்தை நல்ல படமாக்காது. நம் பக்கத்தில் போரைப் பற்றி வந்த ஓவியங்களில் முட்கம்பியும் இரத்தம் சொட்டும் புறாவும் கண்ணீர்த்துளிக்குள் ஒரு பிள்ளை முகமும் எத்தனை தரம் பார்த்தாயிற்று! பட்டவன் வரைந்தான் என்பதற்காக மதிப்புக் கொடுக்கலாம். படத்துக்கு மதிப்பெண் வேறு. பள்ளிக்கூடத்திலோ இன்னமும் இரண்டு தென்னை, ஒரு குடிசை, மலைக்குப் பின்னால் சூரியன். கிரானிலிருந்து மேற்கே பார்த்தால் குடும்பிமலை தெரியும் ஊரில், பிள்ளைகள் படத்தில் வருவது வேறு எங்கோ உள்ள முக்கோண மலை. மாரியில் புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போனதும் மோட்டார் சைக்கிளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு படகு போகிறதே, அதை வரைய யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மட்டக்களப்பில் பிறந்த பாக்கியராஜா புஷ்பகாந்தன் காணாமல் ஆக்கப்பட்டோரை நினைத்து வரையும் மைப்படங்களில் புறாவும் இல்லை, கண்ணீரும் இல்லை. நுணுக்கமான கோடுதான் இருக்கிறது, கோட்டுக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

அவரைப் பார்த்தால் எனக்கு சோம்நாத் ஹோர் நினைவு வரும். சிட்டகொங்கில் பிறந்தவர். பஞ்ச காலத்தில் சித்தபிரசாத்தோடு கூடத் திரிந்து வரையப் பழகியவர். 1946இல் குத்தகை விவசாயிகளின் தேபாகா போராட்டத்தை நாட்குறிப்பேட்டில் வரைந்தவர். 1971இலிருந்து அவர் செய்த 'காயங்கள்' வரிசையில் ஆளே இல்லை. மையும் இல்லை. களிமண் அல்லது மெழுகுத் தகட்டைக் கத்தியால் கீறி, காய்ச்சிய கம்பியால் சுட்டு, அதன்மேல் சீமெந்து வார்த்து அச்செடுத்து, அந்த அச்சில் காகிதக்கூழை அமுக்கிக் காயவிட்டார். வருவது வெள்ளைத் தாளில் வெள்ளை வடு. முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் வெறுந்தாள். பக்கவாட்டில் விழுந்தால்தான் கீறல் தெரியும், விளிம்பு வீங்கியிருப்பது தெரியும். கைத்தொலைபேசித் திரையில் பார்த்துவிட்டு இவரைப் பற்றிப் பேசக்கூடாது.

என் சிநேகிதர் ஒருவர், ஓவியம் பழக்குகிறவர், இதை ஒத்துக்கொள்ளமாட்டார். அவ்வளவு வெள்ளை, அவ்வளவு அழகு, வசதியான வீட்டுச் சுவருக்குத் தோதானது என்பார். அதோடு காகிதம், வெண்கலத்தில் அல்லவா செய்திருக்க வேண்டும் என்பார். ஹோர் வெண்கலத்திலும் செய்தார். வியட்நாமை நினைத்து ஒரு தாயையும் பிள்ளையையும் பெரிதாக வார்த்து 1977இல் முடித்தார். முடித்த கையோடு சாந்திநிகேதன் கலாபவனத்திலிருந்து யாரோ களவெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காகிதத்தில் செய்த காயங்கள்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.