கண்டனமும் பரிகாரமும்: மோர்மன் மறுப்பு நூல்களும் நாவலர் நூலும்

திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கி நிற்கும் பிறெடறிக் கோட்டையின் வாயிலிலே கயற் சின்னமும் சிதைந்த தமிழெழுத்துக்களும் பொறித்த கல்லொன்று காணப்படுகின்றது. 1620களிற் போத்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே ஆங்குக் கோட்டை கட்டினர். ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரைக் கண்டிக்கும் முறைகளில் இஃது ஒன்று. இதற்கு ஏட்டில் விடையெழுத முடியாது. பிரித்தானியர் ஆட்சியில் இத்துறைமுக நகரிலும் யாழ்ப்பாணத்திலும் பணிபுரிந்த மிஷனரிமாரோ பீரங்கியை நம்பாது பள்ளிக்கூடத்தையும் அச்சுப்பொறியையும் நம்பினர். அச்சிட்ட கண்டனத்துக்கு அச்சிட்ட மறுப்பே விடையாதல் கூடும் என்னும் நிலை அப்பொழுதே தோன்றியது. 'பரிகாரம்' எனவும் 'மறுப்பு' எனவும் பெயர் பூண்ட நூல்கள் பல எழுந்தமைக்கு இதுவே பின்னணியாகும்.

இந்நூல்களைத் திறனாய்வோர் பெரும்பாலும் தத்தம் சமயத்தின் பக்கம் நின்றே தீர்ப்புக் கூறிவந்துள்ளனர். நாவலரைப் போற்றுவோர் அவர்தம் வாதங்களை எடைபோடுவதில்லை. அவரை வெறுப்போர் அவற்றைப் படிப்பதேயில்லை. எனவே தமிழ் வாசகர் எவருக்கும் உறவோ பகையோ இல்லாத ஒரு சமயத்தின் மறுப்பு நூல்களை முதலில் நோக்கிப் பின்னர் நம்மிடம் திரும்புவது பொருத்தமாகும். மோர்மன் சமயம் அதற்கு ஏற்றது. அச்சமயத்தார் தமிழ்நாட்டு மண்ணிலேயே மறுப்பு நூல் அச்சிட்டனர் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி.

தேவதூதன் காட்டிய பொற்றகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகக் கூறி 'மோர்மன் நூலை' ஜோசப் ஸ்மித் 1830இல் நியூயோர்க் மாநிலத்தில் வெளியிட்டார். விரைவிலேயே கண்டனம் தொடங்கிற்று. 1834இல் ஹோவ் என்பவர் வெளியிட்ட நூல், சொலமன் ஸ்போல்டிங் எழுதி அச்சேறாதிருந்த ஒரு கதையைத் திருடியே மோர்மன் நூல் ஆக்கப்பட்டது எனக் குற்றஞ்சாட்டியது. ஐம்பது ஆண்டுகள் இக்குற்றச்சாட்டுப் பாதிரிமார் வாயில் உலவியது. 1884இல் ஸ்போல்டிங்கின் கையெழுத்துப் பிரதியொன்று ஹொனலூலுவிற் கண்டெடுக்கப்பட்டது. ஒப்பிட்டோர் இரண்டிற்கும் அத்தகைய உறவில்லை என்றே கண்டனர். கண்டித்தோர் நூலைப் படித்து அதன் உள்ளடக்கத்தோடு மோதியிருப்பின் இத்தவறு இத்துணைக் காலம் நீடித்திராது. ஆனால் எல்லாக் கண்டனங்களும் இத்தகையன அல்ல. ஆபிரகாமின் எழுத்து என ஸ்மித் மொழிபெயர்த்துத் தந்த எகிப்தியச் சுவடிகளின் சில துண்டுகள் 1967இல் நியூயோர்க் அருங்காட்சியகமொன்றிலிருந்து திருச்சபையின் கைக்கு மீண்டபோது, அவை எகிப்தியரின் ஈமச்சடங்கு நூல்கள் என அறிஞர் காட்டினர். அத்துண்டுகளின் வாசகம் ஆபிரகாம் நூலோடு பொருந்தவில்லை என்பதைத் திருச்சபையே 2014இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பின்னரும் அந்நூலைத் திருமறையாகவே கொள்கிறது. இவ்விடத்தில் மறுப்பாளரின் பணி கடினமானதே.

1852இல் இச்சமயத்தார் பலதார மணத்தைத் தம் கோட்பாடாகப் பகிரங்கப்படுத்தினர். உலகெங்கும் எழுந்த கண்டனப் புயலின் நடுவே, 1853இல் ஒரு மிஷனரிக் குழு கல்கத்தாவை அடைந்தது. அக்குழுவைச் சேர்ந்த றிச்சாட் பலன்ரைன் சென்னைக்கு வந்தார்; வேறிருவர் இலங்கைக்கும் வந்து சென்றனர். சென்னையில் றிச்சாட்ஸ் என்னும் பாதிரியார் 'மோர்மனிசம் என்றால் என்ன?' என்றொரு பிரசுரம் எழுதினார். பலன்ரைன் அதற்கு மறுப்பு அச்சிட்டார். பலதார மணம் பற்றி இருவர் உரையாடுவதாக அமைந்த சிறு பிரசுரமொன்றும், 1854இல் ஒரு மாத இதழும் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சென்னையை விட்டுப் புறப்பட்டார். அவர் எழுதியவை யாவும் ஆங்கிலத்தில். அவரை நாடியோரிற் பெரும்பாலார் ஆங்கிலம் பேசுவோர். தமிழர் தெருவிலே அவர் குரல் கேட்கவில்லை.

பலதார மணத்தைக் காக்க மோர்மன் தரப்பார் அக்காலத்தில் வழமையாகக் கையாண்ட வாதம் எளிது. 'நீங்கள் வேதமெனப் போற்றும் பழைய ஏற்பாட்டிலே ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் மனைவியர் பலர். அவர்களைத் தேவன் தண்டித்தானா?' என்பதே அது. எதிரியின் நூலையே எதிரிக்கு எதிராக நிறுத்தும் முறை இது.

பலன்ரைன் சென்னையை விட்டு நீங்கிய அதே 1854இல் ஆறுமுக நாவலரின் 'சைவதூஷணபரிகாரம்' வெளிவந்தமை ஒரு தற்செயல் நிகழ்வே. ஒருவரை ஒருவர் அறிந்தமைக்குச் சான்றில்லை. ஆயினும் படைக்கலம் ஒன்றே. விளக்கு, தூபம், அபிடேகம், திருநீறு, நோன்பு, நேர்த்தி என்பன அஞ்ஞானம் எனப் பழித்த பாதிரிமாரை நோக்கி, உடன்படிக்கைப் பெட்டியையும் தூபபீடத்தையும் அபிடேகத் தைலத்தையும், பலிப்பசுவின் சாம்பலால் தீட்டு நீக்கும் விதியையும் நாவலர் எடுத்துக்காட்டினார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழாக்கத்திற் பல ஆண்டு உழைத்தவர் அவர். எனவே அவர் காட்டும் மேற்கோள்கள் கேள்வியறிவால் வந்தவையல்ல. பலன்ரைனுக்கு வாய்க்காத மற்றொன்றும் அவருக்கு வாய்த்தது, அது வாசகன். கண்டனம் எந்த மொழியில் எந்த மக்களிடையே பரவியதோ, அந்த மொழியில் அந்த மக்களுக்கே அவர் விடையளித்தார். மோர்மன் பிரசுரங்கள் நூலகங்களுக்குரிய அரும்பொருளாக அடங்கிப்போக, நாவலர் நூல் ஓர் இயக்கத்தின் கருவியாகியதற்கு இவ்வேறுபாடே முதற் காரணமெனல் தகும்.

எனினும் இவ்வகை வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. 'உன் நூலிலும் உண்டு' என்பது கண்டிப்பவனுக்கு அவ்வுரிமை இல்லை என்பதை மட்டுமே நிறுவும்; கண்டிக்கப்பட்ட பொருள் நன்று என்பதை நிறுவாது. இதனை வரலாறே காட்டிற்று. பழைய ஏற்பாட்டைத் துணைகொண்டு மோர்மன் மறுப்பாளர் அரணமைத்த பலதார மணத்தை அவர்தம் திருச்சபை, அமெரிக்க அரசின் சட்ட நெருக்குதலின் பின்னர், 1890ஆம் ஆண்டுப் பிரகடனத்தாற் கைவிட்டது. அரண் கைவிடப்பட்டது, சமயம் அழியவில்லை. எது சமயத்தின் உயிர், எது அதன் மேற்போர்வை என்பதை மறுப்பாளர் பிரித்தறியவில்லை என்பதே இங்குப் புலனாகிறது.

நாவலர் ஓரளவிற்குப் பிரித்தறிந்தார். புறத்தே பாதிரிமாரோடு பொருதியவர் அகத்தே சைவரையும் விட்டுவைக்கவில்லை. கோயில்களில் உயிர்ப்பலி இடுவதையும் ஆகம விதிக்கு மாறான நடைமுறைகளையும் கடுமையாகச் சாடினார். 1872இல் எழுதிய 'யாழ்ப்பாணச் சமயநிலை' சைவர்மீதான கண்டனமே. மிஷனரி சொன்ன குறைகளுட் சில மெய்யென்பதை, மிஷனரிக்கு நன்றி கூறாமலே, அவர் ஏற்றுக்கொண்டார் எனலாம். பலன்ரைனிடம் இத்தகைய இரண்டாம் முகத்தைக் காண்பதற்கில்லை.

ஆனால் இருவர் மரபுமே விடையளிக்காத வினா ஒன்றுண்டு. அது பாதிரியார் எழுப்பியதன்று. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் எழுப்பியது. ஆபிரிக்க வழிவந்த ஆடவருக்கு மோர்மன் திருச்சபை குருத்துவத்தை 1978 வரை மறுத்தது; அதற்குக் காரணங்காட்டும் நூல்களையும் மறுப்பாளர் எழுதிவந்தனர். நம் பக்கத்திலோ நாவலர் சாதியாசாரத்தைப் பேணினாரேயன்றி எதிர்க்கவில்லை. அவர் மறைந்து எண்பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார் தடுக்கப்பட்டு நின்றபோது, சைவதூஷணபரிகாரத்தின் பக்கமெதுவும் அவர்களுக்கு உதவவில்லை. கிறித்தவன் கேட்டிருந்தால் இஸ்ரவேலின் ஆசாரிப்புக் கூடாரத்துள்ளும் லேவியர் அல்லாதார் நுழைதல் ஆகாது என விடையிறுத்திருக்கலாம். கேட்டவன் சைவன். எதிரியின் நூல் அவனுக்கு விடையாகாது.

மறுப்பு நூல்களின் பயன் இதனாற் குறைந்துவிட்டது என்பது கருத்தன்று. 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலமொன்று இலங்கைப் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது, அது சட்டமாகவில்லை. அவ்வாண்டின் இறுதியிற் கடல்கோள் திருகோணமலைக் கரையைத் தாக்கிய பின்னர், நிவாரணத்தோடு வரும் சிறு சபைகளைத் தடுக்கவேண்டும் என்ற குரல் நாட்டில் மேலும் வலுத்தது. துயருற்றோரின் தேவையைச் சமயமாற்றத்துக்குப் பயன்படுத்துதல் இழிவே. அது தனியே விசாரிக்கத்தக்கது. ஆனால் ஒரு சபையின் கொள்கை தவறென்பதற்காகப் பொலிசாரை அழைப்போர், கோட்டை வாயிற் கல்லை அங்கே பதித்தவர்களின் முறைக்கே மீள்கின்றனர். பாதிரிமாரைத் தடைசெய்யுமாறு வேண்டாத நாவலர், எதிர்நூல் எழுத முன்னர் அவர்தம் வேதத்தைத் தமிழாக்கும் பணியில் அமர்ந்து, ஆகமம் ஆகமமாக அதனைப் படித்து முடித்திருந்தார்.