கொழுந்தும் நெருப்பும்

கிழக்காசியத் தேயிலைகள் அத்தனையும் ஒரே இனச் செடியின் கொழுந்துதான். பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலாங், சிவப்பு, கருமை எனச் சீனர்கள் ஆறாகப் பிரிப்பது, பறித்த இலைக்கு என்ன செய்கிறார்கள் என்பதை வைத்து. காற்றுப்பட்ட இலை பழுப்பேறத் தொடங்கும். அதை எந்தக் கட்டத்தில், எந்தச் சூட்டால் நிறுத்துவது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன. ஒன்றின் அளவுகோலால் இன்னொன்றை அளப்பது நியாயமில்லை.

பச்சைத் தேயிலையிலேயே இதைப் பார்க்கலாம். ஹாங்சோவின் லோங்ஜிங்கை இரும்புச் சட்டியில் வெறுங்கையால் அழுத்தி அழுத்தித் தட்டையாக வறுக்கிறார்கள். அதில் வறுத்த பயற்றின் மணம். ஏப்ரல் முதல் வாரத்தில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்கே மதிப்பு அதிகம். கொரியாவின் ஹாடோங்கிலும் சட்டி வறுவல்தான். ஜப்பானோ ஆவியைப் பிடித்துக்கொண்டது. ஆவியில் அவித்து, உருட்டிக் காயவைக்கும் செஞ்சா முறையை 1738இல் உஜிப் பகுதியில் வகுத்தவர் நாகாதானி சோஎன். கடற்பாசியை ஒத்த அந்தச் சாரமான சுவை சட்டியில் வராது. ஏறக்குறைய 20 நாள் நிழலில் வளர்த்த கியோகுரோவில் துவர்ப்பு அடங்கியிருக்கும். அதற்கு 50, 60 பாகை வெந்நீரே போதும். நிழலில் வளர்ந்த இலையைக் கல் எந்திரத்தில் அரைத்தால் மாச்சா. தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவின் வழிவந்த குடும்பங்களுக்குள்ளும் ஒருமித்த வழக்கமில்லை: ஊராசென்கேயில் நுரை கிண்ணம் முழுக்கப் பரவ வேண்டும், ஒமோதெசென்கேயில் ஒரு பகுதி நுரையின்றித் தெரிய வேண்டும்.

என் மனம் நின்றுவிடுவது ஊலாங்கில். ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையில், வாட்டிய இலையை மூங்கில் தட்டிலிட்டுக் குலுக்குவார்கள். ஓரங்கள் உரசிச் சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். ஆறவிட்டு மறுபடியும் குலுக்கல். இரவெல்லாம் இது நடக்கும். எப்போது நிறுத்துவது என்பதை மூக்குதான் சொல்லும். கடைசியில், சாம்பல் மூடிய கரித்தணலின்மேல் கூடையில் வைத்து மணிக்கணக்கில் சூடேற்றுகிறார்கள். நல்ல வூயித் தேநீரில் கரி நெடி முந்தி நிற்காது. விழுங்கியபின் தொண்டையில் இனிப்பு ஊறும். புகழ்பெற்ற தா ஹொங் பாவின் தாய்மரங்களில் 2006 முதல் பறிப்பதில்லை. இன்று அப்பெயரில் விற்பவை பதியன் செடிகளின் இலையோ, வூயி இலைகளின் கலவையோ.

தைவானின் லூகூவில் 1976 முதல் டோங் டிங் ஊலாங்குக்குப் போட்டி நடக்கிறது. 3 கிராம் இலைக்கு 150 மில்லி கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் ஊறவிடுவது அங்குள்ள சோதனை முறை. வீட்டில் யாரும் அப்படிக் குடிப்பதில்லை. குறை ஒளிய இடமிருக்கக்கூடாது என்பதே நோக்கம். அதே சோதனையைக் கியோகுரோவுக்கு வைத்தால் கசப்பே மிஞ்சும். அண்மைக் காலத்தில் ஊலாங்கையும் வறுவல் குறைத்துப் பச்சையாகவே விற்கும் போக்கு பரவியிருக்கிறது. பூமணம் தூக்கலாக இருக்கும், உண்மைதான். ஆனால் கரிச்சூடு தரும் ஆழத்தை அதற்காக இழப்பது பெரிய நட்டம் என்றே கருதுகிறேன்.

யுன்னானின் புவெர்த் தேயிலையில் அளவுகோல் மீண்டும் மாறுகிறது. 357 கிராம் வட்டுகளாக அழுத்திய இலையை ஆண்டுக்கணக்கில் முதிரவிடுவது பழைய வழி. ஈரக் குவியலாகப் போட்டுச் சில வாரங்களில் நொதிக்கவைப்பது 1973இல் குன்மிங் ஆலையில் உருவான வழி. மழை நனைத்த மண்ணின் வாசம் இங்கே குறையல்ல. பூஞ்சை நெடி குறைதான். வட்டை வாங்குமுன் அதன் உட்புறத்தைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பார்கள்.