நகரமைப்புப் படிப்பும் தேவனூர் நாடும்

நகர வளர்ச்சி, நகரமைப்பு முதுநிலைப் படிப்பு பல துறைகள் கூடும் இடம். கட்டடக்கலை, கட்டுமானப் பொறியியல், புவியியல், பொருளியல், சமூகவியல் படித்தவர்களை இரண்டாண்டுகள் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, ஓர் ஊரை முழுதாகப் பார்க்கப் பழக்குவது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகமும், வெளியே டெல்லி திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளி, அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் போன்றவையும் இதைக் கற்பிக்கின்றன. இந்தப் படிப்பின் பலத்தையும் குறையையும் சென்னையை வைத்து எடைபோடுவதே வழக்கம். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் உள்ள தேவனூர் நாட்டை வைத்து எடைபோட்டால் இரண்டும் இன்னும் தெளிவாகத் தெரியும்.

தேவனூர் நாடு, மலையின் ‘நாடு’ எனப்படும் பதினான்கு மரபுப் பிரிவுகளில் ஒன்று. மலையாளிப் பழங்குடி மக்களின் மண். நகரத்துக்கான இலக்கணம் எதுவும் அதற்குப் பொருந்தாது. ஆனாலும் நகரம் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்துகொண்டேயிருக்கிறது. சேலம், நாமக்கல் வட்டாரச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் தேவையால், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை நிலங்களில் மரவள்ளி பரவியது. விடுமுறை நாட்களில் ஊர்திகள் ஏறுகின்றன. தங்கும் விடுதிகள் எழும்புகின்றன. இந்த மாற்றங்களை ஒரே துறையின் கண்ணால் பார்ப்பவர் எதையாவது தவறவிடுவார்.

சாமை குறைந்த கதையே இதற்குச் சான்று. வேளாண் அறிஞர் விளைச்சலைப் பார்ப்பார், பொருளியலாளர் விலையைப் பார்ப்பார்; இரண்டு கணக்கிலும் மரவள்ளி முந்தும். வீட்டுக்குள் நடக்கும் வேலை அந்தக் கணக்குகளில் ஏறாது. சாமையை அறுத்து, அடித்து, காயவைத்து, உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடியும் குத்த வேண்டும். அத்தனையும் பெண்களின் உழைப்பு. மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டால் கையில் காசு. சாமை பின்வாங்கியதற்குச் சந்தை எவ்வளவு காரணமோ, ஏறத்தாழ அவ்வளவுக்கு உலக்கையும் காரணம் என்பதைப் பெண்களின் ஒரு நாள் வேலையைக் கூர்ந்து கவனித்தவரே சொல்ல முடியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் 1990களில் தொடங்கிய பணியின் சிறப்பு இங்குதான். உள்ளூர் விதையைக் காப்பது, உமி நீக்கும் சிறு இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் தருவது, சிறுதானியத்தைப் பண்டமாக்கி விற்பது ஆகிய மூன்றையும் அது ஒரே கயிற்றில் கட்டியது. துறைகள் கலப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைப்பது அரிது.

இந்தப் பார்வை நகரமைப்புக்குப் புதிதும் அல்ல. 1914இல் சென்னைக்கு வந்து, மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதிய நகரமைப்பாளர் பாட்ரிக் கெடிஸ் அடிப்படையில் உயிரியல் படித்தவர். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியரானார். அவர் வரைந்த பள்ளத்தாக்குக் குறுக்குவெட்டுப் படம் மலையுச்சியில் தொடங்கிக் கடற்கரையில் முடிகிறது. காட்டில் மரம் வெட்டுபவர், மேய்ப்பர், உழவர், மீனவர் என ஒவ்வொருவரின் தொழிலையும் நிலத்தோடு சேர்த்தே அது காட்டுகிறது. மலையைப் புரிந்துகொள்ளாமல் சமவெளி நகரத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர் முடிவு.

இன்றைய படிப்பு அந்த முடிவிலிருந்து விலகி நிற்கிறது. பாடத்திட்டத்தில் பல துறைகள் இருந்தாலும் அவை பெரும்பாலும் தனித்தனித் தாள்களாகவே நிற்கின்றன. அவை ஒன்றுசேர வேண்டிய களப்பயிற்சியிலும் வரைபடத்தின் கையே ஓங்குகிறது. நிலப் பயன்பாட்டை நிறம் பிரித்துத் தீட்டும்போது, ஒரே நிலம் பருவத்துக்குப் பருவம் சாமைக் கொல்லையாகவும் மேய்ச்சல் காடாகவும் இருப்பதைக் காட்ட நிறம் இல்லை. காட்டு நிலத்தில் பழங்குடிகளின் உரிமையைச் சொல்லும் வன உரிமைச் சட்டம் 2006, ஒரு சட்டத் தாளின் ஓரத்தில் வந்து போனால், அந்த வரைபடத்தின் பாதி பொருளற்றுப் போகும்.

மலை குறித்த சட்டங்களும் அமைப்புகளும் பெரும்பாலும் அனுமதி, தடை என்ற அளவிலேயே நிற்கின்றன. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் கட்டுமானத்துக்கு அனுமதி தரும் வழியைச் சொல்கிறது. 1990இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் எங்கே கட்டக்கூடாது என்று பார்க்கிறது. இரண்டும் தேவை. ஆனால் மலைவாழ் மக்கள் எப்படி வாழ விரும்புகிறார்கள் என்று இவை கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்சி பெற வேண்டியவர் நகரமைப்புப் பட்டதாரி. அவரை வேலைக்கு எடுப்பவர்களோ குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவை. அனுமதிக்கப்பட்ட இடங்களோ 4,000ஐக்கூட எட்டவில்லை, அவற்றிலும் ஏறத்தாழப் பாதி அப்போது காலி. பல மாநிலங்களில் நகரமைப்புப் பட்டம் அந்த வேலைக்குக் கட்டாயத் தகுதியும் அல்ல. ஊரகத் திட்டமிடலுக்கு அந்த அறிக்கை பரிந்துரைத்தது குறுகியகாலப் பயிற்சிகளை. தேவனூர் நாடு போன்ற இடத்துக்கு அது போதாது. ஒரு மழைக்காலத்தையும் ஓர் அறுவடையையும் கூடப் பார்க்காமல் அங்கே திட்டம் எழுதுவது அந்த மக்களுக்கு இழைக்கும் அநீதி.

மொழியும் ஒரு தடை. களத்தில் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, பல்கலைக்கழக நூலகத்தில் அடுக்கப்படும் அறிக்கை, தகவல் தந்தவர்களின் கைக்குத் திரும்புவதில்லை. இதைச் சரிசெய்யப் பெரும் நிதியோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நகரமைப்பு மாணவர்களின் ஒரு முழுப் பருவக் களப்பயிற்சியையாவது ஒரு மலை ஊராட்சியில் நடத்த வேண்டும்; அதன் அறிக்கையைத் தமிழில் எழுதி, மதிப்பெண் இடுவதற்கு முன்பே அந்த ஊராட்சியின் கிராம சபையில் வாசிக்கச் செய்ய வேண்டும்.