'வெற்றி' என்னும் பெயர்: நைக்கி நிறுவனத்தின் கதையைக் குறித்து ஒரு திறனாய்வு

'நீக்கே' என்னும் கிரேக்கப் பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் ஒரேயொரு முறைதான் வருகிறது. யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரம் நான்காம் வசனத்தில், உலகை மேற்கொள்ளும் வெற்றியாக ஆசிரியர் விசுவாசத்தைச் சுட்டும் இடத்தில் அச்சொல்லைக் காண்கிறோம். நம் திருமறை அதனை 'ஜெயம்' எனப் பெயர்த்துள்ளது. கிரேக்கருடைய சமயத்திலோ அச்சொல் சிறகுடைய ஒரு பெண் தெய்வத்தின் பெயர். பழந்தமிழர் கொற்றவையிடம் வெற்றியை வேண்டி நின்றதுபோல அவர்கள் அத்தெய்வத்திடம் வேண்டி நின்றனர். இன்று அதே சொல்லை நம் இளைஞர் அறிந்திருப்பது விளையாட்டுக் காலணியின் பெயராகவே. 'நைக்கி' என்ற அமெரிக்க நிறுவனம் அச்சொல்லைத் தன் பெயராகக் கொண்டு, உலகெங்கும் வெற்றியைப் பற்றி ஒரு போதனையைப் பரப்பி வந்துள்ளது. அப்போதனையைத் திருமறையின் ஒளியில் ஆராய்வது வீண் வேலையன்று என எண்ணுகிறோம்.

1. புத்தகமும் அதன் விசுவாசமும்

நிறுவனர் ஃபில் நைட் 2016ஆம் ஆண்டில் 'ஷூ டாக்' என்னும் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். காலணித் தொழிலே கதியென்று கிடப்பவனை அத்தொழிலார் அவ்வாறு அழைப்பர். நூல் மிகச் சுவையானது. ஒரெகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டவீரராக இருந்த நைட், பின்னர் ஸ்டான்ஃபோர்டில் வணிகவியல் பயின்றபோது, ஜப்பானியரின் புகைப்படக் கருவிகள் ஜெர்மானியரின் கருவிகளை வென்றதுபோல ஜப்பானியக் காலணிகளும் ஜெர்மானியக் காலணிகளை வெல்லக்கூடும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அக்கருத்தைக் கையில் ஏந்தி 1962இல் கோபே நகருக்குச் சென்று, ஒனிட்சுகா நிறுவனத்தாரின் 'டைகர்' காலணிகளை அமெரிக்காவில் விற்க உரிமை கேட்டார். 1964இல் அவரும் அவருடைய பயிற்றுநர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு 'புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரில் கூட்டு வணிகம் தொடங்கினர். ஓட்டப்பந்தயங்கள் நடக்குமிடங்களுக்குக் காரில் காலணிகளை ஏற்றிச் சென்று நைட் விற்றார்.

இங்கே நூலாசிரியர் சொல்லும் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. கலைக்களஞ்சியம் விற்கப் போய்த் தோற்றவர் அவர். காலணியை மட்டும் எங்ஙனம் எளிதில் விற்க முடிந்தது? ஓடுவதில் தமக்கு இருந்த விசுவாசமே அதற்குக் காரணம் என்கிறார். தாம் விற்பனை செய்யவில்லை என்றும், தம் விசுவாசத்தை மற்றவர்கள் உணர்ந்து அதில் பங்கு பெற விரும்பினர் என்றும் விளக்குகிறார். ஆக, யோவானைப் போலவே இவரும் வெற்றியை விசுவாசத்தோடு இணைக்கிறார். எனவே, இந்த விசுவாசம் எதன்மீது வைக்கப்பட்டது, இந்த வெற்றி யாருடையது என்னும் இரு கேள்விகளை நாம் எழுப்புகிறோம்.

2. அடையாளமும் கட்டளையும்

ஜப்பானியரோடு உறவு முறியத் தொடங்கிய 1971இல் நிறுவனத்துக்குச் சொந்தப் பெயரும் சொந்தக் குறியும் தேவைப்பட்டன. பெயர் ஓர் ஊழியரின் கனவில் வந்ததாக நூல் கூறுகிறது. குறியை வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்னும் ஓவிய மாணவி. அவருக்கு அப்போது கிடைத்த ஊதியம் 35 டாலர். பல ஆண்டுகளுக்குப் பின், 1983இல், நிறுவனம் தன் பங்குகளில் சிலவற்றை அவருக்குப் பரிசாக அளித்தது.

தொடக்கத்தில் காலணியைச் சீர்படுத்துவதே தங்கள் தொழில் என்று இவர்கள் எண்ணினர். பவர்மன் தம் வீட்டு வாஃபிள் வார்ப்பில் ரப்பரை ஊற்றிப் புதுவகை அடித்தட்டை உருவாக்கியது அக்காலத்து ஆர்வத்துக்குச் சான்று. ஆனால் 1980களின் நடுவில் ரீபாக் நிறுவனம் அமெரிக்கச் சந்தையில் முந்திக்கொண்டபோது இவர்கள் சிந்தனை மாறியது. தாங்கள் பொருளை உற்பத்தி செய்யும் நிறுவனமல்ல, சந்தைப்படுத்தும் நிறுவனம் என்றும், காலணியே தங்கள் விளம்பரக் கருவிகளுள் முதன்மையானது என்றும் நைட் 1992இல் ஒரு நேர்காணலில் வெளிப்படையாகக் கூறினார். 1984இல் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தமும், 1988இல் வெளிவந்த 'ஜஸ்ட் டூ இட்' என்னும் முழக்கமும் இப்புது வழியின் இரு தூண்கள்.

அம்முழக்கத்தின் பொருள் 'செய்துவிடு' என்பதே. எதை, எதற்காக, யாருக்காக என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. 1977இல் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்படவிருந்த ஒரு கொலைக் குற்றவாளியின் இறுதிச் சொற்களிலிருந்து இதை வடித்ததாக, அதனை எழுதிய டான் வீடன் பின்னர் கூறினார். பவுலின் நிருபங்களைப் படிப்போர், தேவன் செய்து முடித்ததை முதலில் அறிவித்து, அதன்பின் நாம் செய்ய வேண்டியதைக் கூறும் முறையை நன்கு அறிவர். இங்கோ அறிவிப்பு இல்லாத கட்டளை மட்டும் நிற்கிறது. கிருபையற்ற பிரமாணம் என்று இதனைக் கூறின் மிகையாகாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது, வெள்ளிப் பதக்கம் பெற்றவர் எதையும் வெல்லவில்லை, தங்கத்தை இழந்தவரே என்ற பொருளில் இந்நிறுவனம் விளம்பரம் செய்தது. பிரமாணம் எங்கே ஆளுகிறதோ, அங்கே ஆக்கினைத் தீர்ப்பும் வந்துவிடுகிறது.

எனினும் நீதியாகப் பேசுவோம். அம்முழக்கத்தின் முதல் விளம்பரத்தில் 80 வயதான வால்ட் ஸ்டாக் என்ற முதியவர் ஒரு பாலத்தின்மேல் ஓடினார். சோர்ந்த உடலை எழுப்பிய சொல்லாகவும் அது பலருக்கு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

3. பெயர் ஓரிடம், கை ஓரிடம்

பெயரே பொருளினும் பெரிதாகியபின், அப்பொருளைச் செய்த கைகளுக்கு நேர்ந்தது என்ன? நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய சில ஆலைகளும் 1980களில் மூடப்பட்டன. வேலை ஜப்பானிலிருந்து தென்கொரியாவுக்கும் தைவானுக்கும், பின்னர் இந்தோனேசியா, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளுக்கும், கூலி குறைந்த இடம் தேடிப் பெயர்ந்தது. ஆலைகள் ஒப்பந்தக்காரருடையவை; பெயர் மட்டுமே நைக்கியுடையது. 1992இல் ஜெஃப் பாலிங்கர் என்பவர் ஹார்ப்பர்ஸ் இதழில் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவரின் சம்பளச் சீட்டை வெளியிட்டு, அவருக்குக் கிடைப்பது மணிக்கு ஏறக்குறைய 14 சென்ட் என்று காட்டினார். 1997இல் வியட்நாமிய ஆலை ஒன்றைக் குறித்து நிறுவனமே செய்வித்த தணிக்கை அறிக்கை வெளியில் கசிந்தது. ஆலையின் சில பகுதிகளில் நச்சுப்புகை அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவைவிட 177 மடங்குவரை இருந்ததாக அதனால் தெரியவந்தது.

1998 மே மாதத்தில் நைட் வாஷிங்டனில் பத்திரிகையாளர் முன்னிலையில், தம் நிறுவனத்தின் பெயர் அடிமைக் கூலிக்கும் கட்டாய மிகைநேர வேலைக்கும் மறுபெயராகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். காலணி ஆலைகளில் புதிதாகச் சேர்வோரின் குறைந்த வயதை 18ஆக உயர்த்துவதாகவும், காற்றின் தூய்மைக்கு அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றுவதாகவும் உறுதியளித்தார். 2005இல் ஒப்பந்த ஆலைகளின் பட்டியலை நிறுவனம் வெளியிட்டது. இவை உண்மையான மாற்றங்களே. ஆயினும் அதே காலத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆலைகளைக் குறித்து நிறுவனம் பொய்யான கூற்றுகளை வெளியிட்டது என்று கலிபோர்னியாவில் 1998இல் ஒருவர் வழக்குத் தொடுத்தபோது, அக்கூற்றுகள் பேச்சுரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்று நிறுவனம் வாதிட்டது. அவை வணிகப் பேச்சே என்று மாநில உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

நூலின் அமைப்பே இங்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. அதன் அதிகாரங்கள் ஆண்டுவாரியாக நடந்து, நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்த 1980இல் நின்றுவிடுகின்றன. ஆலைகளைக் குறித்த கண்டனம் முடிவுரையில் சில பக்கங்களில் அடங்கிவிடுகிறது. அங்கும் நைட் தம் முதல் எதிர்வினையின் சினத்தை ஒப்புக்கொண்டு, நச்சுப்புகை எழாத பசையைக் கண்டறிந்ததைப் பெருமையோடு கூறுகிறார். ஜப்பானிய வணிகர், வங்கி அதிகாரிகள், ஓட்டவீரர் அனைவருக்கும் நூலில் முகமும் குரலும் உண்டு. தைத்தவர்களுக்கும் ஒட்டியவர்களுக்கும் அவை இல்லை. இதுவே இந்நூலின் பெருங்குறை என்பது நம் கருத்து. வெற்றியின் கதையை வென்றவர் சொல்லும்போது, அதற்கு விலை கொடுத்தோர் முடிவுரைக்குத் தள்ளப்படுகின்றனர்.

4. ஓர் இறையியல் மாணவரின் கேள்வி

நம் வாசகர் அறிய வேண்டிய வேறொரு வரலாறும் இக்காலத்தில் நிகழ்ந்தது. நியூயார்க்கிலுள்ள செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் ஒரு கத்தோலிக்க நிறுவனம். அங்கு ஜிம் கீடி என்பவர் கால்பந்து அணியின் துணைப் பயிற்றுநராகவும் இறையியல் மாணவராகவும் இருந்தார். நைக்கியின் தொழில்முறையைத் திருச்சபையின் சமூகப் போதனையோடு ஒப்பிட்டு ஆய்வு செய்யும்போது, பல்கலைக்கழகமே அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்ய முற்படுவதை அறிந்தார். அக்குறியைத் தம் உடம்பில் அணிய மறுத்து 1998இல் பதவியை விட்டு விலகினார். பின்னர், 2000இல், ஜகார்த்தாவுக்கு அருகிலுள்ள தாங்கெராங்கில் ஒரு தொழிலாளியின் கூலியாகிய நாளொன்றுக்கு 1.25 டாலரில் ஒரு மாதம் வாழ்ந்து பார்த்து, உடல் மெலிந்து திரும்பினார்.

இவர் செய்ததால் உலகம் மாறிவிட்டது என்று நாம் கூறவில்லை. வகுப்பறையில் படித்ததை உடம்பில் படிக்கத் துணிந்தார் என்பதே நமக்குப் பாடம். இறையியல் கல்வி தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதன்று என்பதை ஓர் அணிச் சட்டை அவருக்குக் கற்பித்தது.

5. எந்த வெற்றி?

யோவானின் நிருபத்துக்குத் திரும்புவோம். வெற்றியைப் பற்றிய வசனம் தனித்து நிற்கவில்லை. அதற்குச் சற்று முன்னர்தான், கண்ட சகோதரனை நேசியாதவன் காணாத தேவனை நேசிப்பதெங்ஙனம் என்று ஆசிரியர் கேட்கிறார். ஆகவே அவர் கூறும் 'நீக்கே' சகோதரனைக் கண்ணுக்கு மறைக்காத வெற்றி. வணிகக் குறியின் வேலையோ இதற்கு நேர்மாறானது. செய்தவனை மறைத்து அணிந்தவனை உயர்த்துவதே அதன் திறம். வெளிப்படுத்தல் நூலில் யோவான் ஜெயங்கொண்ட சிங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, அடிக்கப்பட்ட வண்ணமாய் நிற்கும் ஆட்டுக்குட்டியையே காண்கிறார். அதே நூலின் பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோனின் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி மனிதருடைய உயிரில் முடிகிறது. பட்டியலின் கடைசி வரியை முதல் வரியாகப் படிக்க நமக்குக் கற்றுத்தருவது ஆட்டுக்குட்டியானவருடைய வெற்றியே.

இது தொலைதூரத்துச் செய்தியன்று. ஃபெங் தே என்னும் தைவான் குழுமத்தின் ஆலை திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில் நைக்கிக் காலணிகளைச் செய்து வருகிறது. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு வேலை செய்கின்றனர். அவர்களுக்கு அவ்வேலை வருவாயும், வீட்டில் ஒரு மதிப்பும் தந்திருக்கக்கூடும். அதை எளிதாகப் பழித்தல் அறிவன்று. காலணியை வாங்காதிருங்கள் என்று பிரசங்கித்துவிட்டு அமைதி கொள்வதும் போதாது. அவ்வட்டாரத்தில் ஊழியம் செய்யும் ஆயர், அவர்களுடைய வேலை நேரத்தையும் கூலியையும் உடல்நலத்தையும் கேட்டறிந்திருக்கிறாரா என்பதே முதற்கேள்வி.

மற்றவரைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்புவோமாக. நம் ஆலயங்களின் கற்பலகைகளில் அடிக்கல் நாட்டியவர் பெயரும் நன்கொடையாளர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. கல் சுமந்தவர் பெயர் இல்லை. கூலிக்காரரின் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவியை எட்டும் என்று யாக்கோபு எழுதியது ஆலை முதலாளிகளுக்கு மட்டுமன்று, சபைகளுக்கே. இந்நிறுவனத்தின் கதையைப் படித்து முடிக்கும்போது நம்முன் நிற்பது இக்கேள்வியே: வெற்றியின் பெயரைத் தரித்திருக்கும் நாம், அப்பெயருக்குப் பின்னே நிற்கும் கைகளைக் கண்டிருக்கிறோமா?