கோதுமைக் கதிரும் மிளகும்: சேலத்து மாளிகைகளை வாசிப்பது எப்படி?

கொஞ்ச நாளாக ஃபெடரல் பாணி வீடுகளைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வீடுகளைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே பாராட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது: அடக்கம். புதிதாகப் பிறந்த குடியரசு, அதற்கேற்ற எளிமையான வீடுகள் என்று. படிக்கப் படிக்க எனக்கு இந்தப் பாராட்டு மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

உதாரணத்துக்கு மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தை எடுத்துக்கொள்கிறேன். (நம்ம சேலம் இல்லீங்க, இது விவிலியத்திலிருந்து வைத்த பெயர்.) அந்த ஊர் என்றதும் 1692-இல் நடந்த சூனியக்காரி வழக்குகள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் ஊரின் அழகான மாளிகைகள் அதற்கு நூறு வருடம் கழித்துக் கப்பல் வணிகர்கள் கட்டியவை. அவற்றில் சிறந்தவை பலவற்றில் சாமுவேல் மெக்கின்டயரின் (1757–1811) கை இருக்கிறது. அடிப்படையில் அவர் மரச் செதுக்குக்காரர். 1792-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நடந்த போட்டிக்கே வரைபடம் அனுப்பியவர்.

அவர் வேலையின் உச்சம் என்று பலரும் சொல்வது எசெக்ஸ் தெருவிலுள்ள கார்ட்னர்-பிங்க்ரீ வீடு. ஜான் கார்ட்னர் என்ற வணிகருக்காக 1804-05-இல் கட்டியது. மூன்று தளம் கொண்ட ஒரு செங்கல் பெட்டி. தளங்களைப் பிரிக்க வெள்ளைக் கல் பட்டைகள். மேல்தளத்துச் சன்னல்கள் மட்டும் குட்டை. கதவுக்கு மேல் விசிறி வடிவில் கண்ணாடி, முன்னால் மெல்லிய தூண்கள் தாங்கும் வளைந்த சிறு வாசல் மண்டபம். தெருவிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான். இதைத்தான் அடக்கம் என்கிறார்கள்.

உள்ளே போனால் கதை வேறு. குளிர்காயும் கணப்பைச் சுற்றியுள்ள மரச்சட்டங்களில் கோதுமைக் கதிர்க்கட்டு, பழக்கூடை என்று நுணுக்கமான வேலை. செலவு செய்யாமல் இல்லை, செலவைத் தெருவுக்குக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள். பாணியின் பெயரையும் பாருங்க. 'ஃபெடரல்' என்றால் கூட்டாட்சி. ஆனால் இந்த அலங்காரத்தின் மூலம் ராபர்ட் ஆடம் பிரிட்டனில் பரப்பிய பாணி. யாரிடம் போர் செய்து விடுதலை வாங்கினார்களோ, அவர்களுடைய மோஸ்தருக்கே குடியரசின் பெயர்!

என்னை நிறுத்திய விஷயம் அந்தக் கோதுமைக் கதிர்தான். சேலத்தின் பணம் கோதுமையில் வந்ததா? பெரும் பங்கு கடலில் வந்தது. சுமத்ராவிலிருந்து மிளகு, கல்கத்தாவிலிருந்தும் நம்ம சென்னைப்பட்டணத்திலிருந்தும் துணி, கேண்டனிலிருந்து தேயிலை. ஜோனாதன் கார்ன்ஸ் 'ராஜா' என்ற கப்பலில் சுமத்ரா மிளகை மொத்தமாக ஏற்றிக்கொண்டு 1797-இல் திரும்பியபிறகு, ஊரே மிளகுக் கரைக்குக் கிளம்பியது. ஆனால் மெக்கின்டயர் செதுக்கியவற்றில் பேர்பெற்றது கதிர்க்கட்டு. மிளகுக் கொடியைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமானதும்கூட. கதிர்க்கட்டும் பழக்கூடையும் அந்தக் காலத்துப் பொது வழக்கம். தச்சர் தெரிந்த வடிவத்தைச் செதுக்கினார், அதில் மறைப்பு எதுவும் இல்லை என்று சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். மெக்கின்டயர் மேல் எனக்குக் குறை இல்லை. குறையெல்லாம் இருநூறு வருடம் கழித்தும் அந்தக் கதிரை மட்டும் பார்த்துவிட்டு "எளிய குடியரசின் வளமை" என்று எழுதுகிறவர்கள் மேல்தான். அலங்காரம் சொல்லாததைச் சொல்வதுதானே விமர்சகனின் வேலை?

கார்ட்னரால் வீட்டை நெடுநாள் வைத்திருக்க முடியவில்லை. 1807 டிசம்பரில் ஜெஃபர்சன் அரசு கொண்டுவந்த கப்பல் தடைச் சட்டம் ஊரின் வணிகத்தையே முடக்கியது. வீடு கைமாறி, 1814-இல் ஜோசப் ஒயிட் என்ற பழைய கப்பல் தலைவரிடம் வந்தது. அடிமை வணிகத்திலும் ஈடுபட்டவர். 1830 ஏப்ரலில் இதே வீட்டில், படுக்கையிலேயே கொல்லப்பட்டார். அரசுத் தரப்பில் வாதாடியவர் புகழ்பெற்ற டேனியல் வெப்ஸ்டர். செதுக்கு வேலைக்கு அடுத்தபடியாக வீட்டின் பெயரைப் பரப்பியது இந்தக் கொலைதான்.

இங்கே இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைக்கணும். 1831-இல் சுமத்ராவின் குவாலா பத்துவில் மிளகு ஏற்றிக்கொண்டிருந்த சேலம் கப்பல் 'ஃபிரெண்ட்ஷிப்' தாக்கப்பட்டு மாலுமிகள் மூவர் இறந்தார்கள். பதிலுக்கு 1832 பிப்ரவரியில் 'பொட்டோமாக்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் போய் அந்த ஊரைத் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒரு கிழவரின் கொலைக்குப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அந்த நூறு பேருக்கு மாளிகைகளைப் பற்றிய எழுத்தில் ஒரு வரிகூடக் கிடைப்பது அபூர்வம். ஆனால் இரண்டும் ஒரே ஊரின் மிளகுக் காலத்துக் கதை.

வேடிக்கை என்னவென்றால், வீடுகள் சொல்லாததை ஊரே ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 1839-இல் சேலம் தனக்கென எடுத்துக்கொண்ட நகர முத்திரையில் கோதுமை இல்லை, பியூரிட்டன் இல்லை. குடை பிடித்து நிற்கும் கீழைத்தேசத்து மனிதர், பின்னால் ஒரு கப்பல். சுற்றி லத்தீனில் ஒரு வாசகம்: வளமிக்க இந்தியாவின் கடைசித் துறை வரை என்று பொருள். அந்த 'இந்தியா'வுக்குள் சுமத்ராவும் அடக்கம்.

அதனால் இந்த மாளிகைகளை ரசிக்கக் கூடாது என்று சொல்ல வரலை. அந்த மேல்தளச் சன்னல்களின் அளவை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. ஆனால் கணப்பின் கதிர்க்கட்டைப் பார்க்கும்போது அந்த முத்திரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அடக்கம்' என்ற சொல் அப்புறம் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.