மெல்ல வடித்தால் நல்லதா?

“நிரம்பிய சிறுநீர்ப்பையை ஒரேயடியாகக் காலி செய்யாதே; சிறிது சிறிதாக வடி” என்பது மருத்துவ மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித் தரப்பட்ட பாடம். 500 அல்லது 1000 மில்லிலிட்டர் வெளியேறியதும் குழாயை இடுக்கி போட்டு அடைத்து வைக்கவும் கற்பித்தனர். இப்பாடத்தைச் சற்று உரசிப் பார்ப்போம்.

முதலில் நோய். புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் வழியை நெருக்கினால், பையில் நீர் தேங்கும். மாதக்கணக்கில் மெல்லத் தேங்குவதால் பலருக்கு வலி தெரிவதில்லை. சொட்டுச் சொட்டாக ஒழுகுவதை முதுமையின் குறை என்று விட்டுவிடுகின்றனர். தேங்கிய நீரின் அழுத்தமோ மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்குகின்றது. இரத்தம் வடிகட்டப்படுவது அழுத்த வேறுபாட்டினால்தான். எதிர் அழுத்தம் கூடினால் வடிகட்டல் குறையும். நாட்பட்டால் நெஃப்ரான்கள் அழிந்து தழும்பாகும். அழிந்தவை மீள்வதில்லை.

அப்படியிருக்க, மெல்ல வடிக்கச் சொன்னது ஏன்? அழுத்தம் சட்டென விழுந்தால் இரத்தம் கசியும், இரத்த அழுத்தம் சரியும் என்ற அச்சமே காரணம். ஆனால் முதல் 100 மில்லிலிட்டர் வெளியேறும்போதே பையின் அழுத்தம் பெருமளவு விழுந்துவிடுகின்றது! பிறகு குழாயை அடைத்து எதைத் தடுக்கிறோம்?

1997இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலைய இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, விரைந்து வடிப்பதால் இரத்தம் கசிந்தாலும் அது அரிதாகவே பொருட்படுத்தத் தக்கது என்று கண்டது. 2013இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையிலும் மெல்ல வடித்தவர்களுக்குத் தனி நன்மை எதுவும் தெரியவில்லை. அச்சோதனை திடீர் அடைப்பைப் பற்றியதாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமே. எனினும் நன்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு விதி வகுத்தவர்களுடையது.

உண்மையான ஆபத்து, அடைப்பு நீங்கிய பின்பு வருகின்றது. உடலில் தங்கியிருந்த உப்பும் யூரியாவும் நீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். பழுதுற்ற நுண்குழல்களால் அந்நீரை மீட்க இயலாது. மணிக்கு 200 மில்லிலிட்டருக்கு மேலாக, தொடர்ந்து இரண்டு மணி நேரம் போனால் எச்சரிக்கை தேவை. போன நீர் முழுவதையும் அப்படியே சலைனாக ஏற்றினாலோ அந்தப் பெருக்கே நீளும். ஆகவே சிறுநீரின் அளவு, உடல் எடை, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றை விடாமல் அளந்து பார்ப்பதே சிகிச்சையின் உயிர்நாடி.

பழைய விதியின் பெருங்குறை இதுதான்: கவனத்தை அளவுக் குடுவையிலிருந்து இடுக்கிக்குத் திருப்பிவிட்டது. நூலில் அச்சேறிவிட்டது என்பதற்காக ஒரு விதி உண்மையாகிவிடாது. அதற்குச் சான்று என்ன என்று கேட்கப் பழகுங்கள்!